பூக் கேட்ட மாத்திரை

கோயிலில் எடுத்த பொட்டலத்தில் இருந்தது வெள்ளைப் பூதானா என்று ருக்மணிக்கு இப்போது நிச்சயமில்லை. சிவப்பையே மனது வெள்ளையாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

மகன் கிருபாசங்கருக்கு மனச்சிதைவு. மாத்திரையால் காதில் கேட்ட குரல்கள் நின்றிருந்தன. ஆனால் அதே மாத்திரையால் கை நடுங்கியது. அந்தியூரிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்றதும், நடுக்கம் அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, மாத்திரையை நிறுத்தலாமா என்று கோயிலில் பூக் கேட்டாள். சாமி முன் வைத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுக்க வேண்டும்; வெள்ளைப் பூ வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. வெள்ளை என்றே பட்டது; நிறுத்தினாள்.

சில வாரத்தில் அவன் டிவியைப் போர்வையால் மூடினான்.

“ஏங் கண்ணு?”

“நம்மளப் பத்தியேதான் பேசறாங்கம்மா. சோத்துல என்னமோ கலந்திருக்குதாமா. மொதல்ல நீங்க தின்னு காட்டுங்க.”

தின்று காட்டினாள். அப்போதும் அவன் தட்டைத் தொடவில்லை.  ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொன்னாள்.

“நடுக்கத்துக்கு வேற மருந்து இருக்குதுங்களே,” என்றார் டாக்டரம்மா. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?”

ருக்மணிக்கு அது தோன்றவே இல்லை.

கிருபாசங்கர் மறுபடி மாத்திரை சாப்பிடுகிறான். குரல்கள் தணிந்திருக்கின்றன, முழுதாகப் போகவில்லை. அந்தியூர்ப் பெண்ணுக்குப் பெருந்துறையில் கல்யாணமாகிவிட்டது. ருக்மணி மாதாமாதம் மகனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள்.