ருசி பார்க்காத ஓர்நீ

இனிப்பு அடுப்பு எனக்கா, ஜொகூரிலிருந்து வரப்போகிற ஆளுக்கா என்பது சீனப் பெருநாளுக்கு முந்தின நாள் மாலையில் முடிவாக வேண்டியிருந்தது.

கிளென் ஈடனில் எங்கள் முதலாளியம்மா தவுக்கே லிம்முக்கு ஒரு பலகாரக் கிச்சன் இருக்கிறது. நகரின் மறுகோடியில், பக்குரங்காவில் அந்த அம்மாள் நடத்தும் ரெஸ்டாரண்டுக்கு வேண்டிய தியோச்சுச் சீனர் பலகாரங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வேனில் போகும். பீச்சுப் பழம் மாதிரி அச்சில் அடித்த இளஞ்சிவப்பு அரிசிப் பலகாரம், சின்னக் கிண்ணத்தில் அவித்து மேலே உப்பு முள்ளங்கி போட்டது, சீனிப்பாகு வெள்ளையாகப் பூத்து நிற்கும் கிழங்கு வறுவல். ஒன்பது வருஷமாக நான் அங்கே மூட்டை தூக்கினேன், கிழங்கு சீவினேன், மாவு அரைத்தேன். அடுப்புப் பக்கம் விட்டதில்லை. பழைய மாஸ்டர் மகனோடு இருக்கப் பிரிஸ்பேன் போய்விட்டார் என்றதும் நானே நேராகத் தவுக்கேயிடம் போய்க் கேட்டேன். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம்.

"லிங்கம், உனக்கு ஓர்நீ வருமா?"

"வரும்."

"அப்படின்னா பெருநாளுக்கு மொத நாள் தியோச்சு சங்கத்து விருந்துக்கு நீயே செய். பன்னிரண்டு மேசை. நல்லா வந்தா அடுப்பு உன்னது. வரலன்னா ஜொகூர்ல ஒருத்தன் டிக்கெட் போடத் தயாரா இருக்கான், நீ மூட்டைக்கே போயிடணும்."

மூட்டைக்குத் திரும்பிப்போக என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. அது தவுக்கேவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் வரும் என்று சொன்னது வாய்க்கு வந்ததைச் சொன்னதில்லை. நான் பிறந்த புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வரிசை முழுக்கத் தியோச்சு வீடுகள். பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் அவர்கள் கடையில் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன்.

ஓர்நீ தியோச்சுக்காரர்கள் விருந்தின் கடைசியில் வைக்கும் இனிப்பு. மலாயில் கெலாடி என்போம், தமிழ்நாட்டுக்காரர்கள் சேம்பு என்பார்கள், அந்தக் கிழங்கை அவித்துக் கட்டியில்லாமல் மசித்து, பன்றிக் கொழுப்பிலும் சின்ன வெங்காயம் பொரித்த எண்ணெயிலும் சீனி போட்டுக் கிண்டுவது. மேலே பூசணியும் கிங்கோ கொட்டையும் வைப்பார்கள். பார்வைக்கு ஒன்றும் இல்லை, சாம்பல் நிறத்தில் களி மாதிரி இருக்கும். வாயில் வைத்தால்தான் தெரியும்.

வாயில் வைக்கத்தான் என்னால் முடியாது.

போன வருஷம் என் மனைவி சாந்தாவுக்கு மார்பில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக வீட்டுக்கு வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் சொல்லியிருந்தேன். சாந்தா நல்லபடியாக வந்துவிட்டாள். பூசத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதுவரைக்கும் கவிச்சி நாக்கில் படக்கூடாது. ஓர்நீயோ முழுக்கப் பன்றிக் கொழுப்பு.

"கையில பன்னிக் கொழுப்பு, நெத்தியில விபூதி. நல்லாத்தான் இருக்கு உங்க விரதம்" என்றாள் சாந்தா.

"வேலை கையோட நிக்குது. வாய்க்குள்ள போகல இல்ல?"

"ருசி பாக்காம எப்படிக் கிண்டுவீங்க?"

"மூர்த்தி இருக்கான்லா."

ஏரம்பமூர்த்தி எங்கள் வேன் டிரைவர். யாழ்ப்பாணத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன். எதை வைத்தாலும் சாப்பிடுவான், எதையாவது குறையும் சொல்வான். அவனுடைய தீர்ப்பு எனக்கு வேண்டாம், நாக்கு மட்டும் போதும் என்று முடிவு செய்துகொண்டேன்.

விருந்து நாள் காலையில் கிழங்குகளைக் கையில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கினேன். அளவுக்குக் கனம் குறைவாக இருக்கிறதுதான் மாவாக வேகும். தண்ணீர் படாமல் தோல் சீவினேன், ஈரம் பட்டால் கை அரிக்கும். முதலில் ஒரு சின்னச் சட்டியில் கொஞ்சம் கிண்டி, ஆறவைத்து மூர்த்தியிடம் நீட்டினேன்.

"அண்ணை, சீனி காணாது. இதென்ன, கசாயமே?"

"அத விடு. உப்பு தெரியுதா?"

"இல்லை."

"வெங்காயம் கருகின வாசம்?"

"இல்லை, நல்ல வாசம். ஆனா சீனி காணாது."

"நீ தேத்தண்ணிக்கு நாலு கரண்டி போடுற ஆளு. சீனியப் பத்தி நீ பேசாதலா."

"நாக்கு என்ரை. நான்தானே கதைக்கவேணும்?"

பெரிய சட்டி ஏறியது. சின்னச் சட்டிக் கணக்கை அப்படியே பெருக்கிப் போட்டால் பெரிய சட்டிக்குச் சரியாக வராது. நடுவில் ஒரு தடவையாவது பார்த்தாக வேண்டும். நான் கொழுப்பை ஊற்றிக் கிண்டிவிட்டுக் கிங்கோ கொட்டையை எடுக்கத் திரும்பினேன். கொட்டைக்குள் ஒரு பச்சைக் குருத்து இருக்கும், அதை எடுக்காவிட்டால் கசக்கும். திரும்பின அந்த நேரத்தில் மூர்த்தி ஒரு முழுக் கரண்டியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து டயர் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"புகையே வரேல்லையே அண்ணை! ஆறிட்டுதெண்டு நினைச்சன்!"

ஓர்நீயில் புகை வராது. மேலே நிற்கிற கொழுப்பு சூட்டை மூடி வைத்துக்கொள்ளும். உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். தியோச்சு வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். மூர்த்தியிடமும் நான் சொல்லியிருந்தேன். ஆனால் அவன் கண்ணைத்தான் நம்பினான்.

ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தான். வெல்லமும் வேப்பங்காயும் அவனுக்கு இனி நாலு நாளைக்கு ஒன்றுதான். கிச்சனில் வேறு ஆள் இல்லை, மற்றவர்கள் எல்லாரும் பக்குரங்காவில். நான் தீயைக் குறைத்துவிட்டுச் சாந்தாவுக்குப் போன் போட்டேன்.

"நாக்கு வெந்துபோச்சு சாந்தா."

"யாரு நாக்கு? விரதத்த ஒடச்சிட்டீங்களா?"

"மூர்த்தி நாக்கு."

"அவரு நாக்குக்கு நான் என்னா செய்யறது?"

"ருசி பாக்க ஆளில்ல. என்னா செய்யறதுன்னு தெரியல."

சாந்தா கேட்டாள். "ரெண்டு வாரத்துக்கு முன்ன பொங்கல் வெச்சேனே, ருசி பாத்தா வெச்சேன்?"

"அது சாமிக்கு."

"சாமிக்குன்னா எப்படி வேணா இருக்கலாமா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து படையலுக்கு முன்ன நான் வாய் வெச்சதில்ல. ஒரு தடவையாச்சும் இனிப்பு கூடியிருக்கா, கொறஞ்சிருக்கா? சொல்லுங்க."

"இல்ல."

"அப்புறம் என்னா? சாமிக்குச் செய்யற மாதிரி செய்ங்க. நாக்க மறந்துட்டுக் கையப் பாருங்க."

போனை வைத்துவிட்டாள். நான் தீயைக் கூட்டினேன்.

உண்மையில் சட்டியே எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் மூர்த்தியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனி உருகினால் களி இளகும். கரண்டியிலிருந்து துணி விழுகிற மாதிரி மடிந்து விழுந்தால் போதும். கண்ணாடி மாதிரிப் பளபளத்து ஓட ஆரம்பித்தால் சீனி கூடிவிட்டது. நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன், கிண்டினேன், தூக்கி விட்டுப் பார்த்தேன். மடிந்தது. சீனி டின்னை மூடினேன். மூர்த்தி ஐஸைத் துப்பிவிட்டு இன்னும் போடு, இன்னும் போடு என்று கையை ஆட்டினான்.

"கையக் கீழ போடுலா. வேன எடு."

பெருநாள் நெரிசலில் ஹில்ஸ்பரோ தாண்டும் வரைக்கும் வேன் ஊர்ந்தது. பானைகள் சூடு இறங்காமல் இருந்தன. தை மாதம் இங்கே கோடை, நான் போய் இறங்கும்போது மாலை ஆறு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. தவுக்கே பின்வாசலிலேயே நின்றாள்.

"மூர்த்தி ருசி பாத்தானா?"

"நாக்கச் சுட்டுக்கிட்டான்."

"அப்போ யாரு பாத்தது?"

"யாரும் பாக்கல."

"பன்னிரண்டு மேசைக்கு யாரும் வாய் வைக்காத இனிப்பா கொண்டுவந்திருக்க?"

"சாமிக்கு வைக்கிறத எங்க வீட்ல யாரும் ருசி பாக்க மாட்டோம், தவுக்கே. அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

தவுக்கே ஒரு கரண்டியை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

"அப்போ பெரியவர் மேசைக்கு நீயே கொண்டு போ. அவர் முகத்த நீயே நின்னு பாரு."

பெரியவர் என்றது சங்கத் தலைவர் சுவா. எண்பதைத் தாண்டினவர். அவர் முதல் வாய் வைக்காமல் அந்த மேசையில் யாரும் தொட மாட்டார்கள். வாத்தும் மீனும் நண்டும் முடிந்து தட்டுகள் போன பிறகு நான் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தேன். புகை இல்லாவிட்டாலும் அவர் கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து, நிதானமாக ஊதி, வாயில் வைத்தார். மேசையைப் பார்த்துத் தியோச்சில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். எல்லாரும் கரண்டியை எடுத்தார்கள்.

கதவோரம் நின்ற மூர்த்தி என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"என்ன சொன்னவர்?"

"ரொம்ப இனிப்பு இல்லையாம்."

"பாத்தீங்களே! சீனி காணாதெண்டு நான் அப்பவே சொன்னன். முடிஞ்சுது அண்ணை, இனி மூட்டைதான்."

"வாய மூடு. இவங்க இனிப்பப் பாராட்டுறதே அப்படித்தான்லா. இதுக்கு மேல பாராட்டு கிடையாது."

"இனிக்கேல்லை எண்டு பாராட்டுற சனமே? விசர்க் கதை!"

பெரியவர் இரண்டாம் தடவை அள்ளினார். பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு கிண்ணம் நிறைய ஓர்நீயை என் முன்னால் தள்ளினார். பெருநாள் இரவில் அப்படிக் கொடுப்பதை மறுக்கக் கூடாது. நான் அவர்கள் பேச்சிலேயே சொன்னேன், மனைவிக்காக வேண்டிக்கொண்டிருக்கிறேன், பூசம் வரைக்கும் இதில் வாய் வைக்க மாட்டேன் என்று.

"அப்போ ருசி பாக்காமயா செஞ்ச?"

"ஆமா."

மேசை முழுக்கச் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தட்டிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பழங்களை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பெருநாளில் அவர்கள் செய்யும் மரியாதை அது, நானும் இரண்டு கையாலும் வாங்கினேன்.

தவுக்கே பின்னால் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது.

"நாளைக்கு லீவு. வியாழக்கிழமை வந்து அடுப்பப் பத்த வை."

"மூட்டைக்கு வேற ஆள் பாருங்க, தவுக்கே. பூசத்தன்னைக்கு எனக்கு லீவு."

"இன்னும் அடுப்பே பத்த வைக்கல, அதுக்குள்ள லீவா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, பழத்தை உரித்து ஒரு சுளையை வாயில் போட்டேன்.