கீழே இருக்க வேண்டிய கை

நகராட்சிக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போயிருந்தது. பெர்னாம்புகோ மாநிலத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. பராமரிப்பு மையத்தில் இருப்பவர்கள் போட்டதாகச் சொல்லும் அச்சுப்படங்களையெல்லாம் ஊழியர்களே போடுகிறார்கள், ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று அதில் இருந்தது. ஆகவே வியாழக்கிழமை காலை அதிகாரி அடெமார் மடியில் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். மையத்தில் இருக்கும் இராசி தானே ஓர் அச்சு எடுத்தால் அச்சுப் பட்டறை தொடரும். இல்லையென்றால் அறை வாகன வரிப் பிரிவுக்குப் போய்விடும்.

இராசிக்கு முப்பத்தொரு வயது. சக்கர நாற்காலி. கண் தெரியாது, காது கேட்காது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும், அதுவும் அவள் சொன்னால். எதையும் முதலில் நக்கிப் பார்ப்பாள் என்பதால், பட்டறை நடத்தும் ஜுசாரா மரவள்ளிக் கூழில் சிவப்பு விதைச் சாயம் கலந்துதான் மை காய்ச்சுவாள்.

கயிறு ஒட்டிய பலகையில் மை தடவி, மேலே தாள் விரித்தாயிற்று. ஜுசாராவின் கை கீழே, இராசியின் கை மேலே. மேலே இருப்பதுதான் போகும் இடத்தைத் தீர்மானிக்கும். கீழே இருப்பது வெறும் வாகனம். அங்கே அதுதான் சட்டம்.

இராசி தாளின் ஓரத்தையே வருடிக்கொண்டிருந்தாள்.

"இவங்க எப்பம்மா ஆரம்பிப்பாங்க?"

"ஆரம்பிச்சு நாப்பது நிமிஷம் ஆச்சு சார்."

அடெமார் பேனா மூடியைக் கழற்றினார். படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தை நோக்கி அது இறங்குவதை ஜுசாரா பார்த்தாள். அவள் கை புரண்டு மேலே ஏறியது. ஒரே அமுக்கு.

தாளை உரித்தால், சிவப்புக் கயிறு நெளிநெளியாக, அத்தனை அழகு. அடெமார் 'ஆம்' கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்தும் போட்டார். வீட்டில் பீன்ஸும் உப்புக்கண்டமும் காத்திருந்தன.

இராசியின் கை அக்குளுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவள் பட்டறைக்கு வந்த எட்டு வருஷத்தில் அது அங்கே போனதில்லை.

"சார், அது அவ போட்டதில்ல. நான் அமுக்கினேன்."

"நான் பாக்கலியேம்மா."

"அவளும் பாக்கல. ஆனா அவளுக்குத் தெரியும்."

வம்பை விலை கொடுத்து வாங்காதீர்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஜுசாரா அச்சை இரண்டாகக் கிழித்தாள். புதுத் தாள் விரித்தாள். இராசிக்கு எட்டும் இடத்தில் உள்ளங்கையை மல்லாத்தி வைத்துக் காத்திருந்தாள்.

அடெமார் நின்றபடியே கையெழுத்தின் மேல் கோடு அடித்தார். அதற்கென்று படிவத்தில் கட்டம் இல்லாததால் இரண்டு தடவை அடித்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். போன தடவை இரண்டு வியாழக்கிழமை ஆனது என்றாள்.

கதவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காபி இருக்கா?"

"பிளாஸ்க்ல இருக்கு. நீங்களே ஊத்திக்கங்க சார்," என்றாள் ஜுசாரா, தலையைத் திருப்பாமல். "ஒரு விரல் வந்திருக்கு. நான் அசையக் கூடாது."