பத்திலிருந்து அளப்பவர்

கனமான புதுப் பூட்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் மில்லி அன்று காலையில் பட்டறைக்குக் கிளம்பினார். பை தொங்கியது. தொங்கட்டும். இன்றோடு மாப்பிள்ளைக்கும் பட்டறைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று முடிவு செய்தாயிற்று. மாப்பிள்ளை என்றால் கூடப் பிறந்த தங்கையின் புருஷன். பன்னிரண்டு வருடமாகப் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவர். மில்லி தங்கையையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். கண்ணால் பார்த்தால்தானே நம்புவாள்!

"எதுக்குண்ணே என்னைய இழுத்துட்டுப் போற? ஊற வச்ச துணி அப்படியே கிடக்கு."

"வா, வா. உன் வீட்டுக்காரர் லட்சணத்த வந்து பாரு."

"போச்சுடா. இன்னைக்கு அவரா? நீ உன் நிழல் பின்னால வந்தாக்கூட யார்றா அதுன்னு திரும்பிப் பாக்குற ஆளு."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கதவைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்ப்பார். மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரையை எண்ணிப் பார்ப்பார், பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை எண்ணுவார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஒரு மில்லிமீட்டர் பிசகாது. அதனால்தான் அந்தப் பெயர்.

அளவு டேப்பின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி இருக்குமே, அதைக்கூட அவர் நம்பியதில்லை. "ஆடுது பாரு. ஆடுறத நம்பி எவனாவது அளப்பானா?" என்பார். அதனால் எதை அளந்தாலும் டேப்பில் பத்து சென்டிமீட்டர் கோட்டைத்தான் ஓரத்தில் வைப்பார். இரண்டு பேரும் சேர்ந்து அளந்த காலத்தில் அதற்கு ஒரு முறை இருந்தது. மாப்பிள்ளை அந்தப் பத்தை ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்வார். மறுமுனையில் மில்லி கண்ணில் படுகிற எண்ணைக் கத்துவார்: "எழுபது!" மாப்பிள்ளை பத்தைக் கழித்துவிட்டு, "அறுபது!" என்று பதில் கொடுத்து, சாக்பீஸால் தரையில் எழுதுவார். தெருவில் போகிறவர்கள் இவர்கள் ஏதோ ஏலம் விடுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதுண்டு.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு புது டேப்பை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். "கொக்கி நல்லா கெட்டியா இருக்கு மச்சான். இனிமே நேராவே அளந்துரலாம்."

வந்ததே கோபம் மில்லிக்கு! "என் அளவுல என்னங்க குத்தம் கண்டீங்க?" என்று குதித்தார். புது டேப் இழுப்பறைக்குப் போனது. அன்றிலிருந்து அளக்கிற வேலைக்கு அவர் யாரையும் கூப்பிடவில்லை. பத்தைத் தானே காந்தம் வைத்து ஓரத்தில் நிறுத்துவார், தானே படிப்பார், தானே தரையில் எழுதுவார். சாயங்காலம் ரம்ப மேசையில் பதித்திருக்கிற இரும்பு ஸ்கேலைப் பார்த்துக் குழாயை அறுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் மாப்பிள்ளை வந்து ஒட்டவேண்டியது. வேலையைத் தவிர இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

அப்புறம்தான் கண்ணில் ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு வருகிற மாப்பிள்ளை ஏழுக்கே வந்து திறக்கிறார். மில்லி வரும்போது தரை கழுவி ஈரமாக இருக்கிறது, சாக்பீஸ் எழுத்து ஒன்றையும் காணோம். நேற்றுக் கூட்டிவிட்டுப் போன ரம்பத்தடியில் புதிதாக இரும்புத் தூள். போதாக்குறைக்கு வெல்டிங் மேசைக்கு அடியில் வாய் கட்டிய ஒரு சாக்கு. என்ன அது என்று கேட்டால், "ஒன்னுமில்ல மச்சான், பழைய சாமான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஒன்றுமில்லாத சாக்குக்கு எதற்கு அத்தனை முடிச்சு?

இந்த நேரத்தில்தான் சர்வேயரம்மாவின் ஜீப் வந்தது. நிலம் அளக்க மலை, ஓடை என்று சுற்றுகிற பெண்.

"போன மழையில ஆத்துக்குள்ள மாட்டிக்கிட்டேன்" என்றார். "கயித்தக் கட்டி இழுத்தா, பம்பர் மட்டும் தனியா வந்துருச்சு. எனக்கு வண்டி வரணும், பம்பர் வரக்கூடாது. முன்னால கயித்தச் சுத்தி வண்டிய இழுக்குற வின்ச் வைக்கிற மாதிரி நல்ல கனமான குழாயில செஞ்சு குடுங்க."

மில்லி மனம் வைத்துச் செய்தார். பழைய பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் முனை இரண்டிலும் தடித்த தகட்டைப் போல்ட்டு போட்டு முறுக்கினார். ஜீப்பின் முகத்துக்கு ஏற்றபடி ஒரு கம்பியை வளைத்து மாதிரி எடுத்து, அதைப் பார்த்து மேல்குழாயை மெஷினில் வளைத்தார். வளைப்பில் ஒரு நசுங்கல் கிடையாது. மிச்சம் இருந்தது அடிக்குழாய் ஒன்றும் முட்டுக் குழாய் இரண்டும், மூன்றும் நேர்க் குழாய்கள். அதையும் அளந்து நேற்றுச் சாயங்காலம் அறுத்துவிட்டார்.

அறுத்து முடித்ததும் புத்தி வேலை செய்தது. கனமான குழாயை வெளியே தள்ளிவிட்டு, அதே பருமனில் மெல்லிசுக் குழாயை வைத்து ஒட்டுகிறார் மாப்பிள்ளை. வேறென்ன? பெயின்ட் அடித்துவிட்டால் எவனுக்குத் தெரியும்? நாளைக்கு அந்தம்மா ஆற்றில் நின்று வின்ச்சை ஓட்டும்போது குழாய் பிளந்தால் உயிர் போகும். மில்லி என்ற பேரும் கூடவே போகும். அவர் பஞ்ச்சையும் சுத்தியலையும் எடுத்தார். ஒவ்வொரு குழாயிலும் இரண்டு முனையிலும் ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, கடுகு அளவுக்கு ஒரு புள்ளி குத்தினார். மூன்று குழாய், ஆறு புள்ளி. போகிற வழியில் பூட்டு வாங்கினார்.

இப்போது அண்ணனும் தங்கையும் போய்ச் சேர்ந்தபோது பட்டறை திறந்திருந்தது. மூன்று குழாய்களும் ஜீப்பில் அங்கங்கே வெல்டிங் பொட்டு மட்டும் வைத்து நிறுத்தப்பட்டிருந்தன. மாப்பிள்ளை வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெண்டாட்டியைப் பார்த்ததும் திகைத்தார்.

மில்லி நேராக ஜீப்புக்குப் போனார். மண்டி போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முனையாகத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று. அவ்வளவுதான். இன்னொரு தடவை பார்த்தார். மூன்றேதான்.

"ஆறு புள்ளி குத்தி வச்சேன்" என்றார் எழுந்து நின்று. "மூணுதான் இருக்கு. மிச்சம் எங்க மாப்ளே? கனத்த குழாய எங்க கொண்டு போனீங்க?"

"மச்சான், நீங்க நினைக்கிற மாதிரி..."

"நான் நினைக்கிறது இருக்கட்டும். அந்தச் சாக்க அவுருங்க!"

மாப்பிள்ளை நகர்ந்து போய் மேசையை மறைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்ததும் தங்கைக்கே சுருக்கென்றது. "என்னங்க, வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்களேன். அவன்தான் கத்துறான்னா நீங்க ஏன் திருடன் மாதிரி முழிக்கிறீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மில்லி அவரைத் தள்ளிவிட்டுச் சாக்கை இழுத்தார், முடிச்சோடு போராடவில்லை, கத்தியால் கிழித்தே விட்டார். இரும்பு கலகலவென்று தரையில் கொட்டியது. எல்லாம் குட்டிக் குட்டிக் குழாய்த் துண்டுகள். பாதிக்கு மேல் துருவேறியவை. மேலே கிடந்த மூன்று மட்டும் பளபளத்தன. அந்த மூன்றிலும் ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி ஒரு புள்ளி.

"பாத்தியா? பாத்தியா? துண்டு போட்டுல்ல கடத்துறாரு!"

தங்கை உட்கார்ந்து துண்டுகளைத் தரையில் நிமிர்த்தி வைக்க ஆரம்பித்தாள். பருமன் வேறு வேறாக இருந்தது. உயரம் மட்டும் ஒன்று போலவே இருந்தது. "அண்ணே, இது என்ன, எல்லாம் ஒரே அளவா இருக்கு?"

"அளவா? இரு, சொல்றேன்." மில்லி இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். ஒரு துண்டை எடுத்து, பத்தை அதன் ஓரத்தில் வைத்து, இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஆத்திரத்தில் குரல் தானாக உயர்ந்தது.

"இருபது!"

"பத்து" என்றார் மாப்பிள்ளை.

பழைய பழக்கம். வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மில்லி அசையவில்லை. டேப்பைப் பார்த்தார். தங்கை வரிசையாக நிறுத்தி வைத்திருந்த துண்டுகளைப் பார்த்தார். எல்லாம் பத்து. கழிக்கிறது எந்தக் காலத்திலும் அவர் வேலையாக இருந்ததில்லை. அவர் கத்துவார், கழிக்கிறது மாப்பிள்ளை. தனியாக அளக்க ஆரம்பித்த பிறகு ஞாபகம் இருந்தால் கழித்திருக்கிறார், இல்லாவிட்டால் கண்ணில் பட்டதை அப்படியே எழுதி அறுத்திருக்கிறார். ஒவ்வொன்றும் பத்து சென்டி நீளமாக!

"ஒன்னரை வருஷமாவா?" என்றார் ஒருவழியாக.

"எல்லாத்துலயும் இல்ல மச்சான். எப்பவாவதுதான்."

"நாப்பத்து மூணு இருக்கு" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை அவளை முறைத்தார்.

"ஸ்கிராப்புல வீசியிருக்கலாமே" என்றார் மில்லி.

"ஸ்கிராப்ப தினமும் கிளறிப் பாக்குறது நீங்கதான?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாப்ளே?"

"புது டேப் குடுத்ததுக்கே ஒன்னரை வருஷம் பேசல" என்றார் மாப்பிள்ளை. "இதச் சொல்லிட்டு நான் எங்க போறது?"

மில்லிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தினமும் இரண்டு மணி நேரம் முன்னால் வந்து, தன் தப்பை அறுத்து, தரையைக் கழுவி, தன் பேரைக் காப்பாற்றி வைத்த மனுஷனைப் போய்! கொட்டிக் கிடந்ததை அள்ளுவது போலக் குனிந்தார், யாரும் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று. குனிந்ததும் சட்டைப்பை கவிழ்ந்தது. பூட்டு தரையில் ணங்கென்று விழுந்து மாப்பிள்ளையின் காலடியில் போய் நின்றது.

மாப்பிள்ளை அதை எடுத்தார். "புதுப் பூட்டா? எதுக்கு மச்சான்?"

தங்கை அண்ணனையே பார்த்தாள்.

"பழசு... பழசு துருப்பிடிச்சுப் போச்சு. திறக்கவே மாட்டேங்குது."

வாராவாரம் பழைய பூட்டுக்கு எண்ணெய் போடுகிறவர் மாப்பிள்ளைதான். அவர் புதுப் பூட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா மச்சான்" என்றார் பிறகு. "ரொம்ப இறுக்கமாத்தான் இருந்துச்சு."

மில்லி பூட்டின் வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். வாசலில் சர்வேயரம்மாவின் குரல் கேட்டது. வின்ச்சுக்கான தகட்டை இன்னும் அளக்கவில்லை. மில்லி டேப்பின் நுனியை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"பத்தப் பிடிங்க மாப்ளே."