விபெக்கேயின் சொதப்பல் கேக்

ஓடென்ஸ நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் யார் சொதப்பினாலும், அது தெரியவந்த மறுநாள் காலை அவரே கேக் செய்து கொண்டுவந்து, சொதப்பியது என்னவென்று எல்லார் முன்னாலும் சொல்லி, தன் கையால் வெட்டிக் கொடுக்க வேண்டும். அங்கே சுண்டெலிக் கூடத்தைக் கட்டி ஆளும் விபெக்கே இத்தனை வருடத்தில் ஒரு கேக்கூடக் கொண்டுவந்ததில்லை. அடுத்தவர் கேக்கை மட்டும் இரண்டு துண்டாகச் சாப்பிடுவாள். தான் சொதப்பியதே இல்லை என்று சொல்லிக் காட்டாமலும் இருக்க மாட்டாள். தலைக்கனம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தலைக்குள் சரக்கும் இருந்தது என்று அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

அவளுடைய கூடத்தில் எலியை வாலைப் பிடித்துத் தூக்கும் பேச்சே கிடையாது. அட்டைக் குழலை நீட்டினால் அதுவாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு கூண்டிலும் ஒளிந்துகொள்ள ஒரு சிவப்புக் குடில், கொறிக்க மரத்துண்டு, கூடு கட்டக் காகித நார். கூண்டைக் கழுவி மாற்றும்போது எலி கட்டிய பழைய கூட்டைப் பத்திரமாகப் புதுக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். பழகிய வாசனை போய்விட்டால் ஆண் எலிகள் கூடப்பிறந்தவனோடேயே மல்லுக்கு நிற்கும். இந்த விதியைக் கூடத்துக்குக் கொண்டுவந்ததும், முணுமுணுத்தவர்களின் வாயை அடைத்ததும் விபெக்கேதான்.

அதே விதியை அவளே மீறினாள். வெள்ளிக்கிழமை அரசாங்க ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்ததும், எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. புதன்கிழமை சாயங்காலம் மால்டேயின் சோதனைக் கூண்டு ஒன்றைத் தானே கழுவப்போய், நைந்து மஞ்சளாகக் கிடந்த கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டாள். மால்டே புது மருந்து ஒன்றைச் சோதிக்கும் ஆராய்ச்சியாளன். அவளும் அவனும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

வியாழன் காலை கூண்டில் ரத்தம். உள்ளே இருந்த அண்ணன் தம்பி இருவரின் காதும் கிழிந்து தொங்கியது. அந்தக் காதில் போட்ட வெட்டுதான் அவர்களுடைய அடையாளமே. ஒரு வெட்டு இருந்தால் மருந்து ஏறுகிறவன், இரண்டு வெட்டு இருந்தால் வெறும் உப்புநீர் ஏறுகிறவன். இப்போது எது வெட்டு, எது கடி என்று சொல்ல வழியில்லை. விபெக்கே காயங்களுக்கு மருந்து போட்டாள், இருவரையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தாள், பிறகு மால்டேயைக் கூப்பிட்டாள்.

"இந்தக் குண்டன்தான் மருந்துக்காரன். தினம் பாக்குறவ நீ. உனக்கே தெரியுமே!" என்றான் மால்டே.

"அப்படித்தான் தோணுது. ஆனா தெரியாது."

"தோணுறது போதாதா?"

"உன் மருந்தை நாளைக்கு ஒரு மனுஷன் முழுங்கப் போறான். எனக்குத் தோணுச்சுன்னு அவன்கிட்ட சொல்லுவியா?"

"ரெண்டு போச்சுன்னா கணக்கு நிக்காது விபெக்கே. நான் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். புரியுதா உனக்கு?"

புரியாமல் என்ன? சோதனை அவனுடையது, அந்த இரண்டையும் எண்ணுவதும் விடுவதும் அவன் கையில்தான். அவள் செய்த தப்புக்கு அவன் உழைப்புதான் மண்ணாகப் போகிறது.

"சரி, கேக்கையாவது திங்கக்கிழமை கொண்டுவா. நாளைக்கு அந்த ஆய்வாளரம்மா வர்றாங்க. நம்ம மானத்தை நாமளே வாங்கணுமா?" என்றான் மால்டே.

"மறுநாள்னா மறுநாள்தான்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை கேக்கோடு வந்தாள். பழக்கமில்லாத கை, கேக்கின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. ஆனாலும் காபி அறையில் ஒரே ஆரவாரம். கூண்டு கழுவும் ப்ரெபென் கைதட்டி, "இதைப் பாக்கத்தான்பா நான் ரிட்டயராகாம உக்காந்திருந்தேன்!" என்றார். அந்தச் சிரிப்புக்கு நடுவே கதவைத் திறந்துகொண்டு சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார் ஆய்வாளர் இங்கெலிஸ்.

"அடடே, யாருக்குப் பிறந்தநாள்?"

மால்டே தன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினான். விபெக்கே கத்தியும் கையுமாக நின்றாள். பிறந்தநாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"பிறந்தநாள் இல்லைங்க. நான் சொதப்பினதுக்கு" என்று ஆரம்பித்து, குப்பைக்குப் போன கூட்டிலிருந்து கிழிந்த காது வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

இங்கெலிஸ் கேக்கைத் தொடவில்லை. "காட்டுங்க" என்றார். விபெக்கேயும் மால்டேயும் கூடவே போனார்கள். எலிகள் இரண்டும் புதுக் காகித நாருக்குள் புதைந்து கிடந்தன. ஆய்வாளர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வருஷம் நான் போன எந்தக் கூடத்துலயும் ஒரு காதுகூடக் கிழியலையாம். அங்கெல்லாம் எலிங்க சண்டையே போடாது போல" என்று நிமிர்ந்தார். "நீங்கதான் முதல்முதலா வாயைத் திறந்திருக்கீங்க. ஆனா அறிக்கையில எழுதத்தான் செய்வேன்."

"எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க."

"சரி, இந்த ரெண்டும் இப்ப எந்தக் கணக்குல இருக்கு?"

அதற்கு விபெக்கே பதில் சொல்ல முடியாது. அவள் மால்டேயின் பக்கம்கூடத் திரும்பவில்லை. அவன்தான் சொன்னான்.

"எந்தக் கணக்குலயும் இல்லை. எவன் எவன்னு தெரியாததை நான் எண்ண மாட்டேன். முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

ஆய்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தார். விபெக்கேக்குக் கண் கலங்கியது. கேக் கொண்டுவராத வருடங்களை எண்ணி எண்ணி நிமிர்ந்த தலைதான். ஆனால் இன்றைக்கு இருந்த பெருமைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று பட்டது. இந்தக் கூடத்து ஆளாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனிடம் சொல்ல நினைத்தாள்.

"கேக் நடுவுல சரியா வேகல" என்றாள். "உனக்கு ஓரமா பாத்து வெட்டித் தரேன், வா."