ஒருக்களித்துப் படுத்தவர்

முழங்காலை அமுக்கினால் தலை எழும்பியது. தலையை அமுக்கினால் முழங்கால் எழும்பியது. செத்துப்போன மாரப்பனை வாசல் பெஞ்சில் நேராகக் கிடத்த, அவருடைய மச்சான் மாதுவும் பக்கத்து வீட்டுக் குப்புராஜும் திரும்பத் திரும்ப முயன்றார்கள்.

"விறைச்சிப் போச்சுங்க. சுடுதண்ணி ஊத்தி நீவுனா எளகும்," என்றார் குப்புராஜ்.

"எளகாதுங்க," என்றாள் பூவிழி. "உசுரோட இருக்கும்போதே அப்பா முதுகு அப்பிடித்தானே இருந்துச்சு."

மாரப்பனின் ஒரே மகள் அவள். தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறாள். விடியற்காலை அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து அவள் அழவில்லை. உறவுக்காரப் பெண்கள் அதை ஜாடையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் முதுகெலும்பை அவளே படம் பிடித்திருக்கிறாள். மற்றவர்களுக்குக் கணுக்கணுவாகத் தெரிவது, அவருக்கு ஒரே வெள்ளைக் கம்பமாக விழுந்திருந்தது.

"எலும்பு தேஞ்சிருச்சா பாப்பா?" என்று கேட்டார் மாது.

"தேயல மாமா. வளந்துருச்சு."

"இந்த வயசுலயா?"

"எந்த வயசுலயும் எலும்பு சும்மா இருக்காது. உள்ள ஒரு வகை செல்லு பழைய எலும்பைக் கரைச்சுகிட்டே இருக்கும். இன்னொரு வகை புதுசா கட்டிகிட்டே இருக்கும். நம்ம போர் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி. அது உடம்புல சேரச் சேர, கட்டுறது மட்டும் கட்டுப்பாடு இல்லாம நடக்கும். எலும்பை எலும்போட சேத்துப் புடிச்சிருக்கிற நாருகூட எலும்பா மாறிடும்."

அந்த ஆழ்துளைக் கிணறு மாரப்பன் போட்டது. தெருவே அதில்தான் குடித்தது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்த பிறகும், "சப்புனு இருக்குது" என்று அவர் அதைத் தொடவில்லை.

மாது தன் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். "அப்ப, மச்சானுக்கு உள்ள இன்னும் கட்டிகிட்டு இருக்குமா?"

பூவிழி பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். எலும்புக்குள் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், குழிக்கொரு செல். மயிரிழை போன்ற வாய்க்கால்கள் வழியே அவை கை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இதயம் நின்ற நொடியில் அவை எல்லாம் செத்துவிடுவதில்லை என்று படித்திருக்கிறாள். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்?

தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படுகிற அப்பாவின் கணைக்காலில் உள்ளங்கையை வைத்தாள். அப்பா போய்விட்ட சேதி பொம்மிடி உறவுக்காரர்கள் வரைக்கும் போய்விட்டது. இந்த எலும்புக்குள்ளே இன்னும் போய்ச் சேராமல் இருக்கலாம்.

"தெரியல மாமா," என்றாள். கையை எடுக்கவில்லை.

குப்புராஜ் குரலைத் தாழ்த்தினார். "பாடையில இப்பிடியே வெச்சா உருண்டுருவாருங்க. முட்டியில ஒரே ஒரு தட்டு தட்டுனா நேராயிடும். செத்தவருக்கு வலிக்கவா போவுது?"

"வேணாங்க."

"நேரா படுக்க வெக்காம எடுத்தா ஊரு என்ன பேசும் பாப்பா?" என்றார் மாது. அவர் கண் குப்புராஜ் கொண்டுவந்திருந்த மரக்கட்டையின் மேல் போய்வந்தது.

தலைமாட்டில் அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த தீர்த்தம்மாள் புருசனின் நெற்றியைத் துடைத்தாள்.

"ஒருக்களிச்சுப் படுக்க வைடா மாது. மல்லாக்கப் படுத்தா அவருக்கு மூச்சு முட்டும்."

மாது துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வைக்கோல் எடுத்துவரப் போனார்.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, முதுகுக்கும் வயிற்றுக்கும் வைக்கோலை அண்டக்கொடுத்தார்கள். முழங்காலை மடக்கி, பஸ்ஸில் இடம் கிடைத்ததும் தூங்கிப்போனவர் மாதிரி மாரப்பன் பாடையில் போனார். ஊர் பேசத்தான் செய்தது. மேளச்சத்தத்தில் காதில் விழவில்லை.

தெருமுனை வரை வந்த பெண்கள் அங்கேயே நின்றுகொண்டார்கள். ஊர்வலம் ரேஷன் கடையைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியது. தீர்த்தம்மாளும் அந்தப் பக்கம் பார்க்கத் திரும்பினாள். கழுத்து திரும்பவில்லை. சின்னச் சின்ன அடியாகக் காலை நகர்த்தி, உடம்பு மொத்தத்தையும் சேர்த்துத் திரும்பினாள்.

மேளச்சத்தம் அடங்கும் வரை பூவிழி அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.