திரும்பாத முள்

கால்வாய்ப் பாலத்தின் நடுவில் லாரியை நிறுத்தித்தான் சொர்ணம் மீன்கூடைகளை ஏற்றுவாள். கடற்காற்று அங்கேதான் தாராளமாக வீசும். மீன் சீக்கிரம் கெடாது. கூடையிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் பாலத்து இரும்பை அரிப்பதைப் பற்றி அவளுக்கென்ன கவலை? கோவளத்து மீன்காரிகளில் அவள் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது.

எழுபத்தேழாம் வருடம் இன்ஜினீயர் சம்பத் வந்தார். பாலத்தின் அடியில் மெல்லிய கம்பிகளை ஒட்டி, கரையில் ஒரு பெட்டியில் இணைத்தார். பாரம் ஏறினால் இரும்பு எவ்வளவு வளைகிறது என்று அதன் முள் காட்டும். மறுநாளே குறுக்கே மூங்கிலைக் கட்டி, லாரி போகக்கூடாது என்றுவிட்டார்.

சொர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரத்தில் செங்கல்பட்டுச் சந்தைக்குப் போகாவிட்டால் மீன் அத்தனையும் குப்பைதான். அவள் கண்காட்டியதும் டிரைவர் தனகோடி மூங்கிலை அவிழ்த்து லாரியை நடுப்பாலத்தில் நிறுத்தினான். அவள் மகள் வச்சலா மேலே ஏறிக் கூடைகளை வாங்கி அடுக்கினாள். ஓடிவந்த சம்பத்தைக் கரையில் பெட்டியருகிலேயே சொர்ணம் மடக்கினாள்.

"இன்னா சார், வெள்ளக்காரன் கட்டுன பாலம், கல்லாட்டம் நின்னுகினு கீது. நேத்து வந்த பொட்டி சொல்றத நாங்க கேக்கணுமா?"

"பாலத்துக்கு வாய் இல்லம்மா, அதுக்குத்தான் இந்தப் பெட்டி. பாரத்தை இறக்கினா முள்ளும் இறங்கணும், பாலம் காலியானா சைபருக்குத் திரும்பணும். திரும்பலைன்னா இரும்பு தளர்ந்துபோச்சுன்னு அர்த்தம். நீங்களே பாருங்க."

அவர் மூக்கை உடைக்கவே சொர்ணம் சில கூடைகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரச் சொன்னாள். முள் கொஞ்சம் இறங்கியது. பாதியில் நின்றது. பிறகு, யாரும் எதையும் ஏற்றாமலேயே மேலே ஏறத் தொடங்கியது. சொர்ணம் பாலத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"வச்சலா! கூடய போட்டுட்டு குதிடி! தனகோடி, வண்டிய வுட்டுட்டு ஓடியா! எல்லாரும் வாங்கடி!"

கடைசிக் கால் கரையேறியதும் பாலம் முறிந்தது. லாரி தண்ணீரில் விழுந்தது. உள்ளே மீனைத் தவிர யாரும் இல்லை. வச்சலாவைக் கட்டிக்கொண்டு சொர்ணம் வாய்விட்டு அழுதாள்.

புதுப்பாலம் வந்தது. அதிலும் பெட்டி பொருத்தினார்கள். திறந்த அன்று பாரவண்டி கடந்துபோனதும் முள் துளி பிசகாமல் சைபருக்குத் திரும்ப, மீன்காரிகள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். பழக்கதோஷத்தில் தனகோடி நடுப்பாலத்தில் புது லாரியை நிறுத்தினான். சொர்ணம் முன்னால் போய் நின்றாள்.

"கரைக்கு எடுடா வண்டிய! இத்தினி நாளு வுழல, இனிமேலும் வுழாதுன்னு மெதப்புல இருந்தோம். நம்ம உப்புத்தண்ணியே அத்த தின்னுட்ச்சு. பாலம் சர்க்காருதுதான், வுழுந்தா போற உசுரு நம்மளுது. முள்ளு சொன்னா கேக்கணும், முள்ளு சொல்றதுக்கு முன்னாடியே நாம பாத்துக்கணும்!"

தனகோடி லாரியைக் கரைக்குக் கொண்டுபோனான்.