முப்பத்தேழாம் வளையத்தில் ஒரு கட்டைவிரல்

காற்றில்லாமல் ரயில் ஓட்டக் கட்டிய குழாய் அது. காற்றை உறிஞ்சி எடுத்த பிறகும் அதன் அழுத்த ஊசி மூன்றாம் நாளாக ஏறிக்கொண்டே இருந்தது. மாலைக்குள் கசிவு நிற்காவிட்டால், கசிகிற வளையத்தை உடைத்தெடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

கசிவு பார்க்கிறவள் புகைக்குச்சியோடு கான்கிரீட் வளையங்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். எல்லா இடத்திலும் புகை மேலே போயிற்று. முப்பத்தேழாவது வளையத்தில் மட்டும் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிச் சுவருக்குள் நுழைந்தது. கூடவே மெல்லிய சீழ்க்கை.

அவள் குச்சியோடு அப்படியே நின்றுவிட்டாள். வேலைநேரத்தில் அண்ணன் அடிக்கும் சீழ்க்கை அப்படியே. இந்த வளையங்களை வார்த்தவன் அவன்தான். இரண்டு மாதத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் பம்ப் ஓட்டுகிறவர். டீயையும் பம்ப் சத்தத்தோடு குடிப்பதால் அவருக்குப் பெயர் உறிஞ்சி.

"சீழ்க்கை கேக்குதா மாமா?"

"இந்த பம்ப் சத்தத்துல என் பொண்டாட்டி போன்ல திட்டுறதே கேக்காது. அதுக்குத்தானே இந்த வேலை!"

அவள் நகத்தால் தூசியைச் சுரண்டினாள். விளிம்பில் பாதிக் கட்டைவிரல் பள்ளம். வார்த்த வளையம் ஈரமாக இருக்கும்போதே அதன் வெளிமுதுகில் விரல் பதிப்பது அண்ணனின் வழக்கம். விளிம்பில் மட்டும் வேண்டாம், ரப்பர் பட்டை சரியாக உட்காராது என்று அவள் எவ்வளவோ சொல்லியிருந்தாள்.

"வெச்சா என்னடி பண்ணுவ?" என்று கேட்டிருந்தான் அண்ணன்.

"வெச்சுப் பாரு. அந்த வளையத்த நானே உடைக்க வெப்பேன்."

வீம்புக்கு வைத்துவிட்டான். அவளிடம் சொல்லவும் இல்லை.

உடைக்க விட அவளுக்கு மனம் வரவில்லை. உறைபசையைக் குழைத்துப் பள்ளத்தில் அப்பினாள். குழாய் அதை உள்ளே இழுத்தது. கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் அழுத்தினாள். அவன் பள்ளத்துக்குள் அவள் விரல் பொருந்தி உட்கார்ந்தது. உள்ளிருந்து ஏதோ இறுக்கிப் பிடித்தது.

"விடுண்ணே," என்றாள் மெதுவாக.

சீழ்க்கை நூலாக மெலிந்து அறுந்தது. பிடி தளர்ந்தது.

"ஊசி நின்னுடுச்சு! கெட்டிக்காரிதான் நீ," என்று கத்தினார் உறிஞ்சி.

அவள் இன்னொரு குச்சியைப் பற்றவைத்து அதே இடத்தில் நீட்டினாள். புகை நேராக மேலே போயிற்று. ஒரு தடவையாவது திரும்புமா என்று, குச்சி தீரும்வரை நின்றிருந்தாள்.